எறும்புக் குறி

ஜனவரி 22

இடது கையால் எழுதுகிறேன். இன்றைக்கு இவ்வளவுதான் முடியும்.

ஜனவரி 24

இந்த நோட்டை வாங்கிவந்து கட்டில்மேல் வைத்தது என் வீட்டுக்காரர் ரெமி. "விட்டத்தப் பாத்துக்கிட்டே கெடக்காத, எதையாவது எழுது" என்றார். என் எழுத்தைப் பார்த்துவிட்டு, "டாக்டர் சீட்டு மாரி இருக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆஸ்பத்திரிச் சாம்பாரை வாயில் வைக்க முடியவில்லை.

ஜனவரி 28

வீட்டுக்கு வந்தாயிற்று. நடந்ததைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். உப்பளச் சாலையில் லாரியிலிருந்து வழிந்த தண்ணீரில் என் ஸ்கூட்டர் சறுக்கியது. வலது மேல்கை எலும்பு முறிந்தது. தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். எலும்பு கூடிவிடும். பிரச்சினை எலும்பு இல்லை.

மணிக்கட்டு தொங்குகிறது. விரல்களை மடக்க முடிகிறது, நிமிர்த்த முடியவில்லை. கையை நீட்டினால் ஈரத்துணியைக் கொடியில் போட்டதுபோல் முன்பக்கம் விழுகிறது.

"எலும்ப ஒட்டியே ஒரு நரம்பு சுத்திப் போகுது. அது நசுங்கியிருக்கு. அறுந்து போகலை, நான் கண்ணால பாத்தேன்" என்றார் டாக்டர் தியோடர்.

"திரும்ப வருமா டாக்டர்?"

"வரலாம்."

"வரும்னு சொல்லுங்களேன்."

"வரலாம்னுதான் இப்ப சொல்ல முடியும்மா."

அவருக்கு என் வேலை என்னவென்று தெரியாது. நான் காது கேளாதவர்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர். ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், கோர்ட் என்று கூப்பிடும் இடமெல்லாம் போவேன். கையால் பேசிச் சாப்பிடுகிறவள்.

பிப்ரவரி 3

பேச்சி வந்தாள்.

பேச்சி உப்பளத்தில் வேலை பார்க்கிறவள். பிறவியிலேயே காது கேட்காது, பள்ளிக்கூடம் போனதில்லை. பெற்றவர்கள் குலதெய்வத்தின் பெயரை வைத்தார்கள்; அந்தப் பெயரை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்கு ஒரு மொழி உண்டு. அவளும் அவளோடு ஒரே பாத்தியில் உப்பு வாரிய சந்தனமாரியும் சிறுவயதிலிருந்து கையாலேயே உண்டாக்கிக்கொண்ட மொழி. சென்னையில் சொல்லித்தரும் சைகைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சந்தனமாரி இப்போது இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், உப்பளத்துக் கங்காணி பால்வண்ணன் அவளை அடித்துக் கொன்றுவிட்டான் என்பது வழக்கு. பார்த்தவள் பேச்சி ஒருத்திதான். அவள் வாக்குமூலத்தை எடுப்பதற்காகவே நான் மாதக்கணக்கில் அவளோடு உப்பளத்தில் உட்கார்ந்து அவள் மொழியைக் கற்றேன். சந்தனமாரியின் அம்மா இசக்கியம்மாளுக்குத் தெரிந்த கொஞ்சத்தையும் கேட்டுக்கொண்டேன். இன்றைய தேதிக்கு அந்த மொழி முழுதாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் நானும் பேச்சியும் மட்டும்தான்.

பேச்சி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நான் வழக்கம்போல் இரண்டு கையையும் தூக்கி "வா, உட்கார்" என்றேன். அவள் அப்படியே நின்றுவிட்டாள். முகம் வெளுத்துப்போயிற்று.

எனக்குப் பிறகுதான் உறைத்தது. அவள் மொழியில் மணிக்கட்டைத் தொங்கவிட்டால் "செத்துப்போச்சு" என்று பொருள். நான் "வா, செத்துப்போச்சு, உட்கார், செத்துப்போச்சு" என்று சொல்லியிருக்கிறேன்.

யார் செத்தது என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். அதைச் சொல்லும்போதும் கை தொங்கியது. பக்கத்தில் வந்து என் வலது கையைத் தன் இரண்டு கையாலும் ஏந்தி நிமிர்த்தி வைத்தாள். விட்டாள். விழுந்தது. மறுபடியும் நிமிர்த்தினாள். விழுந்தது. தரையில் உட்கார்ந்து அழுதாள்.

நான் அழவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

பிப்ரவரி 11

அரசு வக்கீல் கோமதி மேடம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். கொலை வழக்கு ஜூலையில் விசாரணைக்கு வருகிறதாம். இனித் தள்ளிவைக்க முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டாராம்.

"எடது கைய வச்சே சமாளிக்க முடியாதா ஜெனோவா?"

பேச்சியின் மொழியில் முக்கால்வாசி இரண்டு கையால் சொல்வது என்றேன். கொலை வழக்கில் நான் கேட்கிற ஒவ்வொரு கேள்வியிலும் "செத்துப்போச்சு" ஒட்டிக்கொண்டு வந்தால் எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா என்றும் கேட்டேன்.

அவர் பழங்களை எடுத்துத் தட்டில் அடுக்கினார். "சென்னைலருந்து வேற ஆள வரவழைக்கலாம்னு ஒரு யோசன."

"தாராளமா வரவழைங்க மேடம். எனக்கென்ன. கேஸ் ஜெயிச்சாப் போதும்" என்றேன்.

அப்படித்தான் நினைக்கிறேன். சாயங்காலம் குழம்புக் கரண்டி இரண்டு தடவை கையிலிருந்து விழுந்தது. இடது கைக்கு இன்னும் பழக்கம் வரவில்லை.

பிப்ரவரி 26

சென்னையிலிருந்து வந்தவர் பேச்சியோடு அரைநாள் உட்கார்ந்து பார்த்தார். நல்ல மனிதர், தொழில் தெரிந்தவர். பேச்சி கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாளாம். அவர் ராத்திரி ரயிலுக்கே திரும்பிவிட்டார்.

டாக்டர் இன்று என் முன்கையிலிருந்து மேலே விரலால் தட்டிக்கொண்டே போனார். "ஏதாவது தெரியுதா?" இல்லை. "இங்க?" இல்லை. தட்டித் தட்டித் தோள்பக்கம் வரை போய்விட்டார். எங்கும் இல்லை. பூட்டிய வீட்டைத் தட்டுகிறார் என்று தோன்றியது.

மார்ச் 8

ரெமிக்கு விடுமுறை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் வீட்டில் இருந்தால் சாளை மீன் வாங்காமல் இருக்கமாட்டார். இடது கையால் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். திரும்பும்போது வலது மேல்கை அலமாரி முனையில் இடித்தது. உடனே கட்டைவிரலின் பின்பக்கம் ஓர் எறும்பு ஏறியது. உதறினேன். போகவில்லை. மீன் வாசத்துக்கு வந்திருக்கும் என்று கையைக் கழுவினேன். கட்டைவிரலில் எறும்பே இல்லை.

கொஞ்சநேரம் கழித்துக் கட்டு மாற்றும்போது மறுபடியும் ஊர்ந்தது.

"வீடு முழுக்க எறும்பு" என்று ரெமியிடம் சொன்னேன். அவர் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் இறக்கி வைத்தார். எறும்புக்குப் போடும் சாக்பீஸால் கட்டில் கால்களைச் சுற்றிக் கோடு போட்டார். நான் தலையணை உறையை வெயிலில் போட்டேன். ஓர் எறும்பும் கண்ணில் படவில்லை.

மார்ச் 12

போகிற போக்கில்தான் டாக்டரிடம் எறும்பைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார்.

"எறும்பா? நீங்க எறும்புன்னா சொன்னீங்க?"

மேல்கையில் ஓரிடத்தைத் தட்டினார். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பின்பக்கமாக ஒரு கூட்டமே ஓடியது. "ஐயோ!" என்றேன்.

"வலியா, ஊறலா? நல்லா யோசிச்சுச் சொல்லணும்."

"ஊறல் டாக்டர். வலியே இல்ல."

"வலின்னா நரம்பு எரிச்சல்ல இருக்கு. ஊறல்னா வளருது. முளைவிட்ட நுனி எங்க இருக்கோ அங்க தட்டினா, அது எந்த இடத்துக்குப் போய்ச் சேரணுமோ அங்க எறும்பு ஊரும்." தட்டிய இடத்தில் நீலப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். அந்தப் புள்ளி மாதத்துக்கு ஓர் அங்குலம் வீதம் கீழே இறங்க வேண்டுமாம். சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு நீளமான வார்த்தையை எழுதி அடிக்கோடு போட்டார்.

வீட்டில் என் அக்கா ஃபிலோ காத்திருந்தாள். முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். சீட்டை வாங்கிப் படித்தவள் சட்டென்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ஏளா, அந்த டாக்டர் என்ன அசிங்கத்தல்லாம் எழுதியிருக்கான்? ரெமி கண்ணுல பட்டுச்சுன்னா?"

பிடுங்கிப் பார்த்தேன். டாக்டர் எழுதியது ஃபார்மிகேஷன். அக்கா நடுவிலிருந்த 'எம்' என்ற ஆங்கில எழுத்தை 'என்' என்று படித்துவிட்டாள். அப்படிப் படித்தால் அது முறைதவறிப் படுப்பதைக் குறிக்கும் வார்த்தையாகிவிடும்.

ரெமி சிரித்த சிரிப்பில் புரையேறியது. "எனக்குத் தெரியாம எவம்ல அது?" என்று என் கையைப் பார்த்தே கேட்டார். இந்த வீட்டில் அப்படிச் சிரித்து இரண்டு மாதம் ஆகிறது.

மார்ச் 14

அந்த வார்த்தை மண்டையைக் குடைந்தது. நூலகத்தில் பெரிய ஆங்கில அகராதியை நூலகர் தூக்கிவந்து வைத்தார், நான் இடது கையால் புரட்டினேன்.

லத்தீனில் ஃபார்மிகா என்றால் எறும்பு. அதிலிருந்து ஃபார்மிகாரே, எறும்பைப்போல் ஊர்வது. அதிலிருந்து ஃபார்மிகேஷன், தோல்மேல் எறும்பு இல்லாமலே எறும்பு ஊர்வது. பள்ளிக்கூடத்தில் ஃபார்மிக் அமிலம் என்று படித்தோமே, எறும்பு கடித்தால் எரிவதற்குக் காரணம் என்று, அதுவும் இந்த எறும்புதான். முதன்முதலில் அந்த அமிலத்தை எறும்புகளைக் காய்ச்சி வடித்தே எடுத்தார்களாம்.

நான் அகராதியை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப்போய் எழுந்தால் "எறும்பு ஊர்ற மாரி இருக்கு" என்று நாம் சொல்கிறோம். நாமும் அந்த ரோமாபுரிக்காரர்களும் எங்கேயும் கூடிப் பேசி இதை முடிவு செய்யவில்லை. உடம்பு சொன்னதை அவரவர் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பதினான்கு வருஷமாக மொழிபெயர்க்கிறேன், இப்படி ஒரு வார்த்தை என்னிடம் வந்ததில்லை.

மார்ச் 26

புள்ளி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. புதுப் புள்ளி வைத்தார்கள்.

வார்த்தையின் வேரைத் தேடினேன் என்றதும் டாக்டருக்கு ஒரே சந்தோஷம். வெளியே கூட்டம் நிற்க, கதை சொன்னார். முதல் உலகப் போரில் குண்டுபட்டு நரம்பு போன சிப்பாய்களைப் பார்த்த ஒரு பிரெஞ்சு டாக்டர்தான் இதைக் கவனித்து எழுதினாராம். பிரெஞ்சிலும் அதற்கு எறும்பு ஊர்தல் என்றுதான் பெயர். "எறும்பு ஊரும் குறி" என்றே தலைப்பு வைத்தாராம். அதே வருஷம், எதிர்ப்பக்கத்தில் ஒரு ஜெர்மன் டாக்டரும் அதையே கண்டுபிடித்தார். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. ஜெர்மன்காரர்களும் எறும்பு நடக்கிறது என்றுதான் சொல்வார்களாம்.

இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டிருந்தார்கள், இரண்டு பக்கத்து ஆஸ்பத்திரியிலும் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. ரெமியிடம் சொன்னபோது, "எறும்புக்கு எந்தப் பக்கமா இருந்தா என்ன" என்றார்.

மார்ச் 30

பேச்சிக்கு எப்படிச் சொல்வதென்று மூன்று நாள் யோசித்தேன். நரம்பு என்பதற்கு அவளிடம் சைகை இல்லை. எறும்புக்கு உண்டு: ஆட்காட்டி விரலும் நடுவிரலும் வேகவேகமாக நடக்கும்.

அவளை எதிரில் உட்காரவைத்தேன். வலது கையைத் தொட்டு, தூங்குகிறது என்றேன். இடது கை விரல்களைத் தோளில் வைத்து எறும்பாக நடத்தினேன். நீலப் புள்ளியில் நிறுத்தினேன். இங்கே வந்திருக்கிறது, இன்னும் இங்கே போக வேண்டும் என்று மணிக்கட்டைக் காட்டினேன்.

அவள் கண் பெரிதானது. தன் விரலால் என் புள்ளியைத் தட்டினாள். நான் கட்டைவிரலைக் காட்டி, எறும்பு நடக்கிறது என்றேன். அவள் மறுபடியும் தட்டினாள். மறுபடியும். பிறகு "செத்துப்போச்சு" என்று தன் கையைத் தொங்கவிட்டு, அதையே மற்றக் கையால் அடித்து விலக்கினாள். இல்லை, சாகவில்லை.

ஏப்ரல் 16

புள்ளி இறங்கவில்லை.

ஏப்ரல் 30

இறங்கவில்லை. வெயில் தாங்கவில்லை. பேச்சி வாரத்துக்கு ஒருநாள் வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

மே 7

முழங்கைக்கு மேலேயே நின்றுவிட்டது. இந்த மாதக் கடைசிவரை பார்ப்போம், இல்லையென்றால் உள்ளங்கைப் பக்கத்துத் தசைநாரை எடுத்துப் பின்பக்கம் தைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். கை நிமிரும். ஆனால் மாவுக்கட்டு, பயிற்சி என்று ஜூலை தாண்டிவிடும். விரல்கள் பழையபடி தனித்தனியாக ஆடும் என்றும் உறுதி இல்லை.

"கிளாஸ் பிடிக்கலாம், எழுதலாம், சமைக்கலாம். நல்லாவே இருக்கும்மா."

தலையாட்டிவிட்டு வந்தேன். மாவு அரைத்தேன், துணி மடித்தேன், ஜன்னல் திரையைக் கழற்றித் துவைத்தேன். எல்லாம் ஒரே கையால். மனசுக்கு ஒன்றும் இல்லை.

மே 11

ரெமி கோயிலுக்குப் போய்வந்தார். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் தவிர அந்தப் பக்கம் போகாதவர். ஏன் போனீர்கள் என்று கேட்டதற்கு, "பக்கத்துல ஒரு சோலியிருந்துச்சு" என்றார்.

மே 23

ஹபீபா என் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண். காயல்பட்டினத்துக்காரி, வாய் ஓயாது. இன்றும் பேசிக்கொண்டே வழக்கம்போல் முன்கையிலிருந்து தட்டிக்கொண்டு வந்தாள். முழங்கைக்குக் கீழே, முன்கையிலேயே, எறும்பு ஓடியது.

"ஹபீபா, நில்லு. அங்க தட்டு."

"எங்கக்கா? இது முழங்கைக்கு இந்தப் பக்கமாச்சே."

"அங்கதான். ஓடுது. விரல் வரைக்கும் ஓடுது!"

அவள் பேச்சை நிறுத்தினாள். ஹபீபா பேச்சை நிறுத்தி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. மூன்று தடவை தட்டினாள். மூன்று தடவையும் ஓடியது. எந்தத் தசைக்குள்ளோ தயங்கி நின்றது, வழி கண்டுபிடித்து முழங்கையைத் தாண்டிவிட்டது. டாக்டருக்கு அவளே போன் செய்தாள். ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். குழாய்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தேன். வெளியே வந்தபோது ஹபீபா துண்டோடு நின்றாள்.

ஜூன் 17

மணிக்கட்டு எழுந்தது! மேசைமேல் பக்கவாட்டில் வைத்து நகர்த்திப் பார்த்தபோது முதலில் துடித்தது, பிறகு நிமிர்ந்தது. ஹபீபா "மாஷா அல்லாஹ்" என்று போட்ட சத்தத்தில் அடுத்த அறையிலிருந்து கால் கட்டோடு ஒருவர் எட்டிப் பார்த்தார்.

ஜூன் 29

விரல்களும் வருகின்றன. கட்டைவிரல்தான் சோம்பேறி. பேச்சியோடு தினமும் ஒருமணி நேரம் பேசிப் பழகுகிறேன். வழக்கைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசக் கூடாது, அது விதி. அதனால் உப்பு, மழை, அவள் வீட்டுப் பூனை, ரேஷன் அரிசி. என் கை நடுங்கும்போது அவள் பாட்டி நடக்கிற மாதிரி நடித்துக் காட்டி என்னைக் கேலி செய்கிறாள்.

ஜூலை 8

செஷன்ஸ் கோர்ட். பால்வண்ணன் வெள்ளைச் சட்டையில் கூண்டில் நின்றான். இசக்கியம்மாள் கடைசி பெஞ்சில். பேச்சி என் பக்கத்தில், புதுப் புடவையில்.

நான் உறுதிமொழி எடுக்கப் போகும்போது எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். என் உடல்தகுதிக்காகக் கோமதி மேடம் தாக்கல் செய்த மருத்துவச் சான்றிதழ் அவர் கையில் இருந்தது.

"இந்த அம்மாவ மொழிபெயர்ப்பாளரா ஏத்துக்கக் கூடாதுன்னு ஆட்சேபிக்கிறேன். டாக்டரே சான்றிதழ்ல எழுதியிருக்கார், ஃபார்மிகேஷன்னு. அப்படின்னா ஒடம்புல பூச்சி ஊர்ற மாதிரி ஒரு பிரமை. குடிய நிறுத்தினவங்களுக்கும் போதைப் பழக்கம் உள்ளவங்களுக்கும் வர்றது. மருத்துவ அகராதி நகல் வச்சிருக்கேன். இல்லாததெல்லாம் இருக்கிறதா உணர்றவங்க, சாட்சி சொல்லாததையும் சொன்னதா உணரமாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?"

கோர்ட்டில் சலசலப்பு. கோமதி மேடம் எழப் போனார். நீதிபதி அம்மா கையமர்த்தினார்.

"நீங்களே சொல்லுங்க. இதென்ன வார்த்தை?"

"வக்கீல் சார் படிச்சதுல தப்பு இல்லம்மா. பாதியோட நிறுத்திட்டாரு" என்றேன். "லத்தீன்ல ஃபார்மிகான்னா எறும்பு. எறும்பு ஊர்ற மாதிரி இருந்தா, எந்தக் காரணத்தால இருந்தாலும் டாக்டருங்க எழுதுறது இந்த ஒரே வார்த்தைதான். சார் சொன்ன மாதிரி போதையிலயும் வரும். நரம்பு செத்துப் பொழைக்கும்போதும் வரும். ரொம்பநேரம் உக்காந்துட்டு எந்திரிச்சா நம்ம எல்லாருக்குமே கால்ல வரும். அப்ப நாம என்ன சொல்லுதோம்? எறும்பு ஊருதுன்னுதானம்மா சொல்லுதோம். அதத்தான் அவங்க லத்தீன்ல சொல்லியிருக்காங்க. சாருக்குக் கால் மரத்தா அவரும் பிரமை பிடிச்சவர் ஆயிடுவாரா?"

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை, ஆனால் பேனாவை உதட்டில் வைத்துக்கொண்டார்.

"அதுக்கு அடுத்த வரியையும் சார் படிக்கணும்" என்றேன். "தட்டும்போது மட்டும், முழங்கையத் தாண்டிக் கீழ எறங்குதுன்னு எழுதியிருக்கு. பிரமை தெனம் ஒரே வழியில கீழ எறங்காதும்மா. நரம்புதான் எறங்கும்."

நீதிபதி சான்றிதழை வாங்கி முழுதாகப் படித்தார். பிறகு வக்கீலைப் பார்த்தார். "சோதிச்சுப் பாத்துடலாமே. சாட்சிகிட்ட ஏதாவது செய்யச் சொல்லணும், என்னன்னு நீங்களே எழுதிக் கொடுங்க."

அவர் யோசித்து எழுதினார். நான் தாளைப் படித்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினேன். வலது மணிக்கட்டு நின்றது. பேச்சி என் கைகளையே பார்த்தாள். ஒருமுறை தலையாட்டினாள். நேராக மூன்றாவது பெஞ்சுக்குப் போனாள், அங்கே உட்கார்ந்திருந்த வக்கீலின் ஜூனியர் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள், அதை மடித்து, கோமதி மேடத்தின் மேசையில் சிவப்பு நாடா கட்டிய வழக்குக் கட்டின்மேல் வைத்தாள். தாளில் எழுதியிருந்தது அதுதான், மடிப்பது உட்பட.

கண்ணாடி இல்லாத ஜூனியர் திருதிருவென்று விழித்தார்.

"ஆட்சேபணை தள்ளுபடி" என்றார் நீதிபதி. "கண்ணாடிய அவருகிட்டக் குடுத்துரச் சொல்லுங்க."

ஜூலை 9

பேச்சி சாட்சி சொன்னாள். காலையிலிருந்து உணவு இடைவேளை வரை. எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார்கள்.

சந்தனமாரி என்பதற்கு மூக்குத்தியைத் தொட்டாள். பால்வண்ணனுக்குக் குடையை விரித்துக் காட்டினாள், அவன் எப்போதும் குடையோடு நிற்பவன். பொழுது விடிந்து கொஞ்சநேரம். மூக்குத்தி, குடை, சண்டை. குடை உப்பு வாருகிற பலகையை எடுத்தான். தலையில். இரண்டு தடவை. நான் ஒவ்வொன்றையும் குரலில் சொல்லிக்கொண்டே வந்தேன். சாட்சி சொல்வது மட்டும்தான் என் வாயிலிருந்து வர வேண்டும், என் அழுகை வரக் கூடாது. வரவில்லை.

குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்டார்: "நீ முதுகக் காட்டி வேலை பாத்துக்கிட்டிருந்த. உனக்குக் காதும் கேக்காது. சத்தம் கேக்காம எப்படித் திரும்பின?"

நான் கேட்டேன். பேச்சி ஒருகணம் என்னையே பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல். பிறகு உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, பாத்தித் தண்ணீர் என்றாள். விரல்களை அலையாக்கினாள்.

"பாத்தியில தண்ணி அசையாம நின்னுது. திடீர்னு அலை என் காலுக்கு வந்துச்சு. பின்னால யாராவது தண்ணிக்குள்ள மல்லுக்கட்டினாத்தான் அப்படி வரும். திரும்பினேன்" என்று சொன்னேன்.

வக்கீல் அடுத்த கேள்விக்குத் தாளைப் புரட்டினார். நீதிபதி குறுக்கிட்டுத் தானே ஒன்று கேட்டார்: "மொத அடிக்கு அப்புறம் அந்தப் பொண்ணுக்கு உயிர் இருந்துச்சா?"

வலது கையை நீட்டினேன். நேராக நிறுத்தினேன். உயிரோடா? பிறகு நானாக, மெதுவாக, மணிக்கட்டைத் தொங்கவிட்டேன். அல்லது செத்தா? மறுபடியும் நிமிர்த்தினேன். இரண்டில் எது?

பேச்சி தன் கையை நேராக நீட்டினாள். மூக்குத்தி என்னைப் பார்த்தாள் என்றாள். இன்னொரு அடி என்றாள். அதன்பிறகுதான் அவள் கை தொங்கியது.

பால்வண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெளியே வந்ததும் கோமதி மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். ரெமி வேலைக்குப் போகாமல் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். "பக்கத்துல ஒரு சோலி" என்றார்.

செப்டம்பர் 12

இன்று தீர்ப்பு. குற்றவாளி. ஆயுள் தண்டனை.

நீதிபதி வாசிக்க வாசிக்கப் பேச்சிக்குச் சொன்னேன். ஆயுள் தண்டனைக்கு அவள் மொழியில் வார்த்தை இல்லை. குடை, கதவு, பூட்டு என்றேன். பிறகு தலைமுடியைத் தொட்டு வெள்ளையாகும்வரை என்றேன். அவள் திருப்பிச் செய்து காட்டி, சரிதானா என்று கேட்டாள். சரி என்றேன். வராந்தாவுக்கு வந்ததும் தொண்டையைத் திறந்து கத்தினாள். நான் கேட்ட அவளுடைய முதல் குரல். போலீஸ்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், வக்கீல்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மூச்சு முட்டும்வரை கத்தினாள், பிறகு சிரித்தாள். நான் சேர்ந்து கத்தினேனா என்று வராந்தாவில் நின்ற ரெமியைத்தான் கேட்க வேண்டும்.

இசக்கியம்மாள் எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். மூவரும் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு போனோம். மகள் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு வெகுநேரம் நின்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"தாயி, அவ காலைல இருந்து ஏதும் சாப்ட்டாளான்னு கேளு."

கேட்டேன்.

இல்லை என்றாள் பேச்சி. பசிக்கிறது என்றாள். என்ன குழம்பு என்று கேள் என்றாள்.